பிரீ-செஷனல் வகுப்பைத் தண்டனையாக நினைக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரிட்டனில் முதுநிலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கும் நம் மாணவர்கள் பலருடைய ஆஃபர் லெட்டரில் ஒரு நிபந்தனை இருக்கும். படிப்பு தொடங்குவதற்கு முன் ஆறு வாரமோ பத்து வாரமோ பல்கலைக்கழகம் நடத்தும் ஆங்கில வகுப்பில் சேர்ந்து தேற வேண்டும் என்பது அது. 'பிரீ-செஷனல்' என்று அதற்குப் பெயர். அதைப் படித்ததும் வீட்டில் முகம் வாடிவிடுகிறது. "எல்.கே.ஜி.யிலிருந்து இங்கிலீஷ் மீடியம் படித்த பிள்ளைக்கு மறுபடியும் இங்கிலீஷ் வகுப்பா?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். கன்சல்டன்சியில் போய்க் கேட்டால், "அந்த யூனிவர்சிட்டியை விடுங்க சார், ஐஇஎல்டிஎஸ்ஸே கேட்காத இடம் இருக்கு" என்று பதில் வருகிறது. மாணவரும் அங்கேயே சேர்ந்துவிடுகிறார். தவறவிட்டது என்ன என்பது முதல் கட்டுரையைச் சமர்ப்பிக்கும் நவம்பரில்தான் தெரிகிறது.

நம் நாளிதழ்களின் கல்விப் பக்கங்களில் ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தகுதித் தேர்வைப் பற்றி நிறைய வருகிறது. பிரீ-செஷனல் பற்றி அநேகமாக ஒன்றும் வருவதில்லை. அது பேச்சு ஆங்கில வகுப்பும் அல்ல, ஆங்கிலம் தெரியாதவர்களுக்கான துணை வகுப்பும் அல்ல. பிரிட்டிஷ் பல்கலைக்கழகத்தில் எப்படிப் படிப்பது, எப்படி எழுதுவது, எப்படி விவாதிப்பது என்று கற்றுத்தரும் தொழிற்பயிற்சி என்று அதைச் சொல்லலாம். நல்ல மதிப்பெண் வைத்திருக்கும் மாணவருக்கும் அது தேவைப்படலாம் என்பதற்கான காரணங்களையும், சேருமுன் கவனிக்க வேண்டியவற்றையும் எழுதுகிறேன்.

முதலில் மதிப்பெண் கணக்கு. ஐஇஎல்டிஎஸ்ஸில் கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் ஆகிய நான்கின் சராசரியே மொத்த பேண்ட், அதாவது மொத்த மதிப்பெண். சராசரி 6.25 என்றால் 6.5 ஆகவும், 6.75 என்றால் 7 ஆகவும் உயர்த்தித் தருவார்கள். ஒரு மாணவர் கேட்டலில் 7, வாசித்தலில் 6.5, எழுதுதலில் 5, பேசுதலில் 6.5 வாங்கினால் கூட்டுத்தொகை 25, சராசரி 6.25, மொத்த பேண்ட் 6.5. "ஆறரை வந்துவிட்டது" என்று வீட்டில் மகிழ்ச்சி. ஆனால் பல்கலைக்கழகம் கேட்டிருப்பது மொத்தம் 6.5, எந்தப் பிரிவிலும் 6-க்குக் குறையாமல். எழுத்தில் இருக்கும் அந்த 5தான் பிரீ-செஷனல் நிபந்தனையைக் கொண்டுவருகிறது. மொத்த எண்ணை மட்டும் பார்ப்பவர்களுக்கு இது அநியாயமாகத் தோன்றும். கட்டுரைகளால்தான் பட்டம் என்பதை அறிந்தவர்களுக்கு அப்படித் தோன்றாது.

சரி, எழுத்தில் 7 வாங்கியவருக்குச் சிக்கல் இல்லையா? அவருக்கும் உண்டு. ஐஇஎல்டிஎஸ் எழுத்துத் தேர்வு மொத்தம் 60 நிமிடம். அதில் பெரிய பகுதி, கொடுத்த தலைப்பில் குறைந்தது 250 சொல் எழுதுவது. எதையும் படித்துவிட்டு எழுத வேண்டியதில்லை. மனத்தில் தோன்றிய காரணங்களை ஒழுங்காகச் சொன்னால் போதும். பல்கலைக்கழகக் கட்டுரை 2500, 3000 சொல் போகும். பதினைந்து இருபது ஆய்வுக் கட்டுரைகளையாவது படித்து, அவற்றில் எவை ஒத்துப்போகின்றன, எவை மோதுகின்றன என்று காட்டி, தன் நிலைப்பாட்டை அதன்மேல் கட்ட வேண்டும். இந்தத் திறனை ஐஇஎல்டிஎஸ் சோதிப்பதே இல்லை. அதைச் சோதிப்பதாக அந்தத் தேர்வு சொல்லிக்கொள்வதும் இல்லை.

படிக்கப் படிக்கக் கற்றுக்கொள்ளலாமே என்று கேட்கலாம். நேரம்தான் தடை. பிரிட்டனில் முதுநிலைப் பட்டம் 180 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 10 மணி நேர உழைப்பு என்பது கணக்கு. ஆக 1800 மணி நேரத்தைப் பன்னிரண்டு மாதத்துக்குள் அடக்க வேண்டும். முதல் கட்டுரை திருத்தப்பட்டு வர மூன்று வாரம் போல் ஆகும். அதில் செய்த தவறு என்னவென்று தெரியவரும்போது இரண்டாவது, மூன்றாவது கட்டுரைகள் போயிருக்கும். தவறு செய்து கற்றுக்கொள்ள இடமே இல்லாத கால அட்டவணை அது. பிரீ-செஷனலில் அதே தவறுகளை மதிப்பெண் போகாமல் செய்யலாம்.

அங்கே என்ன நடக்கிறது? வாரத்துக்கு 15 முதல் 20 மணி நேரம் வகுப்பு இருக்கும், அதற்கு ஈடாகவோ கூடுதலாகவோ வீட்டுவேலை இருக்கும். ஒரு வகுப்பில் பெரும்பாலும் 16, 18 பேருக்கு மேல் சேர்க்க மாட்டார்கள். நடுநாயகமாக இருப்பது ஒரு நீண்ட கட்டுரை. ஆறு வார வகுப்பில் 1500 சொல் அளவு, பத்து வாரத்தில் அதைவிடக் கூடுதல். மாணவர் தம் துறையில் ஒரு கேள்வியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இங்கேயே பலர் சறுக்குகிறார்கள். 'மின்வாகனங்கள்' என்பது தலைப்பு, கேள்வி அல்ல. 'இரண்டு சக்கர மின்வாகனங்களின் பயன்பாடு பரவுவதைத் தடுப்பது விலையா, சார்ஜ் செய்யும் வசதிக் குறைவா?' என்பது கேள்வி. கேள்வி அமைந்ததும் நூலகத் தரவுத்தளத்தில் தேடுதல், குறிப்பெடுத்தல், சட்டகம் போடுதல், முதல் வரைவு, ஆசிரியரோடு நேரடிப் பேச்சு, இரண்டாம் வரைவு என்று வேலை நகரும். ஆசிரியர் வரிக்கு வரி திருத்தித் தர மாட்டார். "இங்கே வினையின் காலம்", "இந்தக் கூற்றுக்கு ஆதாரம் எங்கே" என்று குறியிட்டுத் தருவார். திருத்துவது மாணவர் வேலை. "பணம் கட்டியும் திருத்தித் தரவில்லை" என்று மனக்குறைப்படுபவர்கள் இருக்கிறார்கள். தானே பிழையைக் கண்டுபிடிக்கப் பழக்குவதுதான் அந்தக் குறியீட்டின் நோக்கம். செப்டம்பரில் படிப்பு தொடங்கிய பிறகு குறியிட்டுத் தரவும் ஆள் இருக்க மாட்டார்கள்.

நம் மாணவர்களுக்கு மிகக் கடினமாக இருப்பது கட்டுரையின் உருவம். நம் பள்ளிக்கூடத்துக் கட்டுரைக்கு முன்னுரை, உட்தலைப்புகள், முடிவுரை உண்டு. முன்னுரையில் ஒரு பழமொழியோ குறளோ வரும். உலகம் தோன்றிய நாளிலிருந்து தொடங்கி மெல்ல மெல்லத் தலைப்புக்கு வருவோம். முடிவுரையில் நாட்டுக்கு ஓர் அறிவுரை சொல்லி முடிப்போம். எல்லாத் தகவலையும் சொல்லியிருந்தால் முழு மதிப்பெண். பிரிட்டிஷ் முறையில் வாசகரைக் காத்திருக்கவிடக் கூடாது. இந்தக் கட்டுரை எதை நிறுவப்போகிறது என்பது முதல் பக்கத்திலேயே வந்துவிட வேண்டும். ஒவ்வொரு பத்தியின் முதல் வரியும் அந்தப் பத்தியின் கருத்தைச் சொல்ல வேண்டும். மீதி வரிகள் அதற்குச் சான்று தர வேண்டும். கருத்துக்குத் தொடர்பில்லாத தகவல் எவ்வளவு சரியானதாக இருந்தாலும் மதிப்பெண்ணைக் குறைக்கும். இதில் எது உயர்ந்தது என்ற பேச்சுக்கே இடமில்லை. அங்கே திருத்துபவர் எதிர்பார்ப்பது இதைத்தான்.

அடுத்தது சான்று காட்டுவது. இது நமக்குப் புதிய வழக்கம் அல்ல. 'என்ப', 'என்மனார் புலவர்' என்று முன்னோர் கருத்தை முன்னோர் கருத்தாகவே சொன்ன இலக்கண மரபும், "இவர் இப்படிப் பொருள் கொண்டார், அது பொருந்தாது, ஏனெனில்..." என்று வாதிட்ட உரையாசிரியர் மரபும் நம்முடையவை. ஆனால் இன்றைய கல்லூரிப் படிப்பு அதை மறக்கடித்துவிட்டது. புத்தகத்தில் உள்ளதை உள்ளபடி எழுதினால் மதிப்பெண் தந்த பழக்கம், அங்கே கருத்துத் திருட்டு என்ற குற்றச்சாட்டாக வந்து நிற்கிறது.

சொல்லை மாற்றினால் போதும் என்று நினைப்பதுதான் பெரும்பாலோர் செய்யும் பிழை. தமிழிலேயே ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். மூலம் இது: "நகரங்களில் நிலத்தடி நீர் குறைவதற்கு முதன்மைக் காரணம், மழைநீர் மண்ணுக்குள் இறங்க இடமில்லாமல் தரை முழுதும் கான்கிரீட்டால் மூடப்படுவதே." மாணவர் இப்படி மாற்றுகிறார்: "மாநகரங்களில் நிலத்தடி நீர் தாழ்வதற்கு முக்கியக் காரணம், மழைத்தண்ணீர் மண்ணுக்குள் புக வழியில்லாமல் நிலம் முழுதும் சிமென்டால் மறைக்கப்படுவதே." பல சொற்கள் மாறியிருக்கின்றன; வாக்கியம் மாறவில்லை, சிந்தனையும் மாறவில்லை, யார் சொன்னது என்பதும் இல்லை. இது திருட்டாகவே கொள்ளப்படும். பிரீ-செஷனலில் சொல்லித்தருவது வேறு. மூலத்தைப் படித்து மூடி வைத்துவிட்டு, தன் கட்டுரைக்கு அது எதற்குத் தேவை என்று யோசித்து எழுத வேண்டும்: "கான்கிரீட் தரையே நகர நிலத்தடி நீர் வற்றுவதற்குத் தலையாய காரணம் என்கிறார் இன்னார் (2015). ஆழ்துளைக் கிணறுகளின் பெருக்கத்தை அவர் கணக்கில் கொள்ளவில்லை." இரண்டாவது வரியில்தான் மாணவர் பேசத் தொடங்குகிறார். மதிப்பெண் விழுவதும் அந்த வரிக்குத்தான்.

கட்டுரையைப் பிற மூலங்களோடு ஒப்பிடும் டர்னிட்டின் மென்பொருள் காட்டும் சதவீதத்தைப் பற்றியும் தவறான நம்பிக்கைகள் உண்டு. அது காட்டுவது ஒற்றுமையை, குற்றத்தை அல்ல. மேற்கோள்களும் நூற்பட்டியலும் சேர்ந்து 25 சதவீதம் காட்டினாலும் கட்டுரை நேர்மையானதாக இருக்கலாம். 8 சதவீதம் காட்டினாலும், அந்த எட்டும் ஒரே பத்தியில் ஒரே மூலத்திலிருந்து வந்ததென்றால் விசாரணைக்கு அழைப்பு வரும். சதவீதத்தைக் குறைக்க வாக்கியத்தை மாற்றித்தரும் செயலிகளில் போடுவது அதைவிட மோசம். பிரீ-செஷனலில் மதிப்பிடப்படுவது மாணவரின் மொழியே. அதனால் செயற்கை நுண்ணறிவையோ மொழிபெயர்ப்புச் செயலியையோ கொண்டு எழுதிய கட்டுரை, பாட அறிவு எவ்வளவு இருந்தாலும் தோல்வியில் முடியலாம். எந்தக் கருவிக்கு எந்த அளவு அனுமதி என்பது பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் வேறுபடும். முதல் வாரமே எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இலக்கணத்தில் நம் தாய்மொழியால் வரும் பிழைகள் சில உண்டு. "மழை பெய்து சாலை பழுதாகிப் பேருந்து நின்றுபோனதால் நடந்தே வந்தோம்" என்று ஒரே முற்றுவினையில் நான்கு செயலைத் தமிழ் கட்டிவிடும். அதே மூச்சில் ஆங்கிலத்தில் எழுதும்போது 'அண்ட்', 'சோ' என்று கோத்துக்கொண்டே போய், எது காரணம் எது விளைவு என்று தெரியாத ஐந்து வரி வாக்கியம் வந்துவிடுகிறது. ஆங்கிலப் பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் 'a', 'the' என்ற ஆர்ட்டிகிள்கள் தமிழில் இல்லாததால் விட்டுப்போகின்றன. 'ரிசர்ச்', 'எக்விப்மென்ட்', 'இன்ஃபர்மேஷன்' ஆகியவற்றுக்குப் பன்மை விகுதி சேர்ப்பது, 'டிஸ்கஸ்' என்பதற்குப் பின் 'அபவுட்' போடுவது, 'ஒன் ஆஃப் த' என்று தொடங்கிவிட்டு ஒருமையில் முடிப்பது எல்லாம் இங்கே யாரும் திருத்தாமல் பழகிப்போனவை. ஒரு பரிசோதனையை வைத்துக்கொண்டு 'ப்ரூவ்ஸ்' என்று அடித்துச் சொல்வதும் அப்படித்தான். 'இருக்கக்கூடும்', 'எனலாம்', 'எனத் தோன்றுகிறது' என்று தமிழில் நாம் அளந்து பேசுவதில்லையா? அந்த அளவு ஆய்வுக் கட்டுரை ஆங்கிலத்திலும் வேண்டும்.

ஆறு வாரத்தில் இவை எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மொழித்திறனை ஏ1-இலிருந்து சி2 வரை படிப்படியாக அளக்கும் ஐரோப்பிய மொழிச் சட்டகத்தில் பி2 நிலையை எட்ட 500 முதல் 600 மணி நேரமும், சி1 நிலையை எட்ட 700 முதல் 800 மணி நேரமும் கற்பித்தல் தேவை என்பது கேம்பிரிட்ஜ் தேர்வு அமைப்பு தரும் கணக்கு. ஆக ஒரு நிலை உயர இருநூறு மணி நேரம். வாரம் 20 மணி என்றால் பத்து வாரத்துக்கு இருநூறு மணி, ஆறு வாரத்துக்கு 120 மணிதான். ஆறு வாரத்தில் முறை பிடிபடும், இலக்கணம் அவ்வளவாக மாறாது. எழுத்தில் மிகவும் பின்தங்கியவர்கள் ஆறு வாரத்தில் இடம் கிடைத்தாலும் பத்து வாரத்தைக் கேட்டு வாங்குவது நல்லது.

கேட்டலில் சிக்கல் வேறு வகை. பாடப்புத்தக ஒலிநாடாவில் வரும் ஆங்கிலம் கிளாஸ்கோவிலும் நியூகாசிலிலும் கிடைக்காது. 'ஷுட் ஹேவ் பீன்' என்ற மூன்று சொல் 'ஷுடபின்' என்று ஒரே சொல்லாகக் காதில் விழும். ஐம்பது நிமிட விரிவுரையில் எல்லாவற்றையும் எழுத முயல்பவர் பத்தாவது நிமிடத்தில் பேச்சின் இழையை விட்டுவிடுவார். "இதில் மூன்று சிக்கல்கள் உள்ளன", "இதற்கு நேர்மாறாக" போன்ற திருப்புச் சொற்களைப் பிடித்துக்கொண்டு குறிப்பெடுக்கும் பயிற்சி வகுப்பில் உண்டு. பேச்சில் நம்மைப் புரியாமல் செய்வது உச்சரிப்பைவிட அழுத்தம். 'எகானமி'யில் அழுத்தம் 'கா'வில் விழுகிறது, 'எகனாமிக்'கில் அது 'னா'வுக்குப் போகிறது. எல்லா அசையையும் ஒரே சீராகச் சொல்வது நம் இயல்பு. அழுத்தத்தை வைத்தே சொல்லைப் பிரித்தறிவது அவர்கள் இயல்பு.

கருத்தரங்க வகுப்பில் வாயே திறக்காமல் இருப்பது அங்கே மரியாதை ஆகாது. படித்துவிட்டு வரவில்லை என்றே கொள்வார்கள். பேராசிரியரைப் பெயர் சொல்லி அழைக்கக் கூச்சமாக இருக்கும், போகப்போகப் பழகிவிடும். மின்னஞ்சலில் 'ரெஸ்பெக்டட் சார்' என்று தொடங்கி 'டூ த நீட்ஃபுல்' என்று முடிப்பதை விட்டுவிட்டு, எந்தப் பாடம், என்ன கேள்வி, எப்போது சந்திக்கலாம் என்று நான்கு வரியில் எழுதக் கற்றுத்தருவார்கள்.

இனி விசா. இங்கே நடக்கும் தவறுகளுக்குப் பணமாகவே விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. மாணவர் விசாவுக்குப் பட்டப்படிப்பு நிலையில் நான்கு திறனிலும் பி2 வேண்டும்; ஐஇஎல்டிஎஸ்ஸில் அது ஒவ்வொன்றிலும் 5.5. பிரீ-செஷனலுக்கு மட்டும் தனியாக விசா எடுப்பதானால் பி1, அதாவது ஒவ்வொன்றிலும் 4 போதும். ஆனால் அது பிரிட்டன் உள்துறை ஏற்கும் பாதுகாப்பான தேர்வாக இருக்க வேண்டும். சாதாரண ஐஇஎல்டிஎஸ் அகாடமிக் அதற்குச் செல்லாது; 'ஐஇஎல்டிஎஸ் ஃபார் யூகேவிஐ' (யூகேவிஐ என்பது பிரிட்டனின் விசா, குடிவரவுப் பிரிவு) என்று பதிவுசெய்து எழுதியிருக்க வேண்டும். வினாத்தாளின் வடிவமும் மதிப்பீடும் ஒன்றுதான். தேர்வு மையமும் பாதுகாப்பு ஏற்பாடுகளும்தான் வேறு. இதைத் தெரியாமல் இரண்டாம் முறை தேர்வுக் கட்டணம் கட்டுபவர்கள் ஏராளம். பிரீ-செஷனல் தேவைப்படலாம் என்று சிறிது ஐயம் இருந்தாலும் தொடக்கத்திலேயே யூகேவிஐ தேர்வை எழுதிவிடுவது பாதுகாப்பு. முடிவு செல்லுபடியாவது இரண்டு ஆண்டு.

நான்கிலும் 5.5 இருந்து, முதன்மைப் படிப்பில் இடம் உறுதியாகி, ஆங்கில வகுப்பு மூன்று மாதத்துக்கு மேற்படாமல், அது முடிந்து ஒரு மாதத்துக்குள் முதன்மைப் படிப்பு தொடங்குமானால், இரண்டுக்கும் சேர்த்து ஒரே காஸை (CAS, விசா விண்ணப்பத்துக்கான சேர்க்கை உறுதிச் சான்று) பல்கலைக்கழகம் தரலாம். ஒரே விசாவில் வேலை முடிந்துவிடும். மேலே சொன்ன மாணவரை நினைத்துப் பாருங்கள்: மொத்தம் 6.5 இருந்தும், எழுத்தில் 5 என்பதால் அவருக்கு இந்த வழி அடைபட்டுவிடுகிறது. முதலில் ஆங்கில வகுப்புக்கு ஒரு காஸ், ஒரு விசா. தேறிய பிறகு பிரிட்டனிலிருந்தே இன்னொரு காஸ், இன்னொரு விண்ணப்பம், இன்னொரு கட்டணம். வங்கியில் 28 நாள் தொடர்ந்து பணம் காட்டும் விதியைப் பெற்றோர் இரண்டாம் விண்ணப்பத்துக்கும் மனத்தில் வைத்திருக்க வேண்டும். இவை அடிக்கடி மாறும் விதிகள். விண்ணப்பிக்கும் நாளில் பிரிட்டன் அரசின் இணையதளத்தைப் பார்த்து உறுதிசெய்துகொள்ளாமல் பணம் கட்ட வேண்டாம்.

கால அட்டவணையைப் பின்னோக்கிப் போட வேண்டும். செப்டம்பர் இறுதியில் படிப்பு என்றால், பத்து வார வகுப்பு ஜூன் கடைசியிலோ ஜூலை தொடக்கத்திலோ ஆரம்பிக்கும். ஆறு வார வகுப்பு ஜூலை கடைசியிலோ ஆகஸ்ட் தொடக்கத்திலோ. அதற்குச் சில வாரம் முன்பே விண்ணப்பத்தை மூடிவிடுவார்கள். விசாவுக்கு மூன்று வாரம் என்று வைத்தாலும், ஏப்ரலுக்குள் தேர்வு முடிவு கையில் இருக்க வேண்டும். மே மாதம் இறுதி செமஸ்டர் முடிந்த பிறகு ஐஇஎல்டிஎஸ் எழுதலாம் என்று இருப்பவர்களுக்குப் பத்து வார வகுப்பு கிடைக்காது. செலவும் சிறியதல்ல. ஆறு வாரத்துக்கே இரண்டாயிரம் பவுண்டுக்கு மேல் கேட்கும் பல்கலைக்கழகங்கள் பல, தங்குமிடம் தனி. கல்விக் கடன் கேட்கும்போதே இந்தத் தொகையையும் மதிப்பீட்டில் சேர்த்துக் கேட்க வேண்டும். கடன் ஒப்புதலான பிறகு சேர்ப்பது பெரும்பாடு.

இணையவழியில் பிரீ-செஷனல் நடத்தும் பல்கலைக்கழகங்களும் உண்டு. கோடையில் லண்டனுக்கும் நமக்கும் நாலரை மணி நேர வித்தியாசம். அங்கே காலை 9 மணி வகுப்பு இங்கே பிற்பகல் 1.30. தங்கும் செலவு மிச்சம், ஒரே விசா போதும். குறை என்னவென்றால், ஆகஸ்ட் கடைசியில் முடிவு வந்து, அதன் பிறகு காஸ் வாங்கி விசாவுக்கு விண்ணப்பித்து செப்டம்பருக்குள் போய்ச் சேர வேண்டும். ஒரு நாள் தாமதமும் தாங்காது. பக்கத்தில் பேசுபவர்களின் ஆங்கிலத்தைக் காதில் போட்டுக்கொள்ளும் பயனும் கிடைக்காது. பணமும் நேரமும் இருந்தால் நேரில் போவதே மேல் என்பேன்.

பணம் கட்டுமுன் பல்கலைக்கழகத்திடம் மின்னஞ்சலில் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ள வேண்டியவை: கல்விசார் ஆங்கில வகுப்புகளை மதிப்பிடும் பாலீப் (BALEAP) அமைப்பின் அங்கீகாரம் இந்த வகுப்புக்கு உண்டா? வகுப்பில் எத்தனை பேர்? மாணவரின் துறைக்கு ஏற்ற பிரிவு உண்டா, எல்லாருக்கும் பொதுவா? கட்டுரை, விளக்கவுரை, கேட்டல் தேர்வு ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு மதிப்பெண், எந்தப் பிரிவில் எவ்வளவு எடுத்தால் தேர்ச்சி? தோற்றால் மறுதேர்வு உண்டா? முதன்மைப் படிப்புக்குக் கட்டிய முன்பணம் திரும்ப வருமா? விசா மறுக்கப்பட்டால்? ஒரு பல்கலைக்கழகத்தின் பிரீ-செஷனல் முடிவை இன்னொரு பல்கலைக்கழகம் ஏற்கும் என்ற உறுதி இல்லை என்பதால் கடைசிக் கேள்விகள் முக்கியம். கமிஷன் வாங்கும் முகவர் சொல்லும் வாய்ச்சொல்லை இதற்கெல்லாம் பதிலாகக் கொள்ள முடியாது.

தோற்பவர்கள் ஆங்கிலம் போதாமல் தோற்பதைவிட, வகுப்புக்கு வராமலும் வரைவைக் கடைசி இரவில் எழுதியும் தோற்பதே அதிகம். வருகையைக் கண்காணித்து, தொடர்ந்து வராதவர்களைப் பற்றி உள்துறைக்குத் தெரிவிக்கும் கடமை பல்கலைக்கழகத்துக்கு உண்டு. போய் இறங்கியதுமே பகுதிநேர வேலை தேடுவது இந்தக் காலத்தில் வேண்டாம். பட்டப்படிப்புக்குக் கீழான நிலையில் விசா வாங்கியவர்களுக்கு வாரத்துக்குப் 10 மணி நேரம்தான் அனுமதி. 20 மணி என்று பொதுவாகச் சொல்லப்படுவது எல்லாருக்கும் பொருந்தாது.

பிளஸ் டூ ஆங்கில மதிப்பெண்ணையோ, ஆங்கிலவழியில் படித்ததற்கான கல்லூரிச் சான்றையோ காட்டித் தேர்வே இல்லாமல் இடம் பெற்றவர்களைப் பற்றித்தான் எனக்குக் கூடுதல் கவலை. அவர்களை எந்த நிபந்தனையும் காப்பாற்றவில்லை. அவர்கள் போன முதல் வாரமே, படிப்போடு கூடவே நடக்கும் 'இன்-செஷனல்' ஆங்கில வகுப்பில் பெயர் கொடுக்க வேண்டும். பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் இது இலவசம். ஆசிரியரைத் தனியாகச் சந்திக்கும் கட்டுரை ஆலோசனையும் உண்டு. அரை மணி, முக்கால் மணி நேரம் கிடைக்கும். முழுக் கட்டுரையையும் கொண்டுபோகாமல், இரண்டு பக்கத்தையும் "இந்தப் பத்தியில் என் வாதம் தெரிகிறதா?" போன்ற ஒரு கேள்வியையும் கொண்டுபோனால் முழுப் பயன். முதுநிலையில் தேர்ச்சி 50, எழுபதும் அதற்கு மேலும் உயர்தரம். இங்கே எண்பது வாங்கிப் பழகியவர்கள் 58-ஐப் பார்த்துக் கலங்க வேண்டியதில்லை. ஆனால் 48 வந்த பிறகு ஆலோசனைக்குப் போவது தாமதம்.

ஊரில் இருக்கும்போதே மூன்று மாதத்தில் செய்யக்கூடியது நிறைய. மொழியியலாளர் ஏவ்ரில் காக்ஸ்ஹெட் 2000-இல் வெளியிட்ட கல்விசார் சொற்பட்டியலில் 570 சொற்குடும்பங்கள் உள்ளன. நாளுக்குப் பத்து என்றால் 57 நாள். ஆய்வு நூல்களில் பத்துச் சொல்லுக்கு ஒன்று இந்தப் பட்டியலைச் சேர்ந்தது. வாரம் ஒரு விரிவுரையைப் பதினைந்து நிமிடம் எழுத்துத் துணையின்றிக் கேட்டு, ஐந்து வாக்கியத்தில் சுருக்க வேண்டும். வாரம் ஒரு முறை, ஒரே பொருளில் முரண்படும் இரண்டு கட்டுரைகளைப் படித்து 500 சொல் எழுத வேண்டும். நூற்குறிப்புகளை ஒழுங்காகச் சேமிக்க ஜோடெரோ என்ற இலவச மென்பொருளை இப்போதே பழகிக்கொள்ளலாம்.

கல்லூரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். இறுதியாண்டு ப்ராஜெக்ட் அறிக்கையில் 'லிட்டரேச்சர் சர்வே' என்று ஓர் அத்தியாயம் இருக்கிறது. பத்து ஆய்வுக் கட்டுரைகளின் சுருக்கத்தை இணையத்திலிருந்து எடுத்து, ஒன்றின் கீழ் ஒன்றாக ஒட்டி, பத்துப் பத்தியாகத் தருகிறார்கள். அதற்குக் கையெழுத்தும் கிடைத்துவிடுகிறது. முதல் ரிவ்யூவிலேயே அதைத் திருப்பிக் கொடுத்து, "இந்தப் பத்துப் பேரில் யார் யாரோடு ஒத்துப்போகிறார், யார் மறுக்கிறார், யாரும் பார்க்காமல் விட்டது எது? மூன்று பத்தியில் எழுதி வா" என்று வழிகாட்டி ஆசிரியர் கேட்கலாம். கூடுதல் பாடமோ கட்டணமோ இதற்கு வேண்டியதில்லை. வரும் டிசம்பரில் தொடங்கும் ப்ராஜெக்ட் ரிவ்யூக்களிலேயே இதைச் செய்து பார்க்கலாம்.

இப்படிக்கு,
கல்விசார் ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்,
திருச்சி